பிளாஸ்டிக் கானில் குடிதண்ணீர்: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பைப்பில் வந்த பிறகும் மட்டக்களப்புக் குசினிகளில் கான் ஒழியவில்லை. சில இடங்களில் பைப்பில் தண்ணீர் நேரம் பார்த்துத்தான் வருகிறது. வாவிக்கரையிலும் கடலோரத்திலும் பல கிணறுகள் குளிக்க உதவும், குடிக்க உதவாது. படுவான்கரையில் கச்சான் காற்று அடித்து நிலம் காய்ந்துவிட்டால் பவுசர் வரும் நாளைப் பார்த்துக் கான்களை வாசலில் வரிசையாக வைக்க வேண்டியதுதான். திருக்கோவில், பொத்துவில் பக்கம் போனாலும் இதே பாடுதான். 20 லீற்றர் கான், நீலப் பரல், மேலே கறுப்புத் தாங்கி, காலியான 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் என்று ஏதாவது ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அந்தத் தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று பட்டால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்குத்தான் இந்த வழிமுறை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கில் வைத்த தண்ணீர் நஞ்சு என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அதே வீட்டில் பரலுக்குள் கோப்பையை விட்டு, விரல் நனைய நனையத் தண்ணீர் அள்ளுவார்கள். பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் இரசாயனம் சிறுகச் சிறுக, வருடக்கணக்கில் சேர்ந்து செய்யக்கூடிய தீங்கு. விரலிலிருந்து இறங்கும் கிருமியோ இரண்டு மூன்று நாளில் ஒரு குழந்தையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டுவிடும். ஆகவே என் கணக்கில் கை முதலில், கான் அடுத்தது. இதற்கு ஒரேயொரு விலக்கு உண்டு: முன்பு பூச்சிமருந்தோ மண்ணெண்ணெயோ இருந்த கான். அந்தக் கான் வீட்டில் இருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை: பிழை எங்கே இருக்கிறது?

கானைக் கழுவ ஓடுவதற்கு முன் ஒரு நாள் பொறுங்கள். ஜாம் போத்தலோ கோடியல் போத்தலோ, கண்ணாடியில் மூடியுள்ள ஒன்றை எடுத்து நன்றாகக் கழுவி, கொதிநீரில் அலசி ஆற விடுங்கள். பைப்பிலோ கிணற்றிலோ எங்கிருந்து கானுக்கு நிரப்புகிறீர்களோ, அங்கிருந்தே அதையும் நேரடியாக நிரப்பி மூடுங்கள். கானையும் வழக்கம்போல நிரப்புங்கள். இரண்டையும் நிழலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் வெள்ளைக் கோப்பை இரண்டில் ஊற்றிப் பாருங்கள். மணம் பிடிக்க, கோப்பையைப் பாதி நிரப்பி, மேலே ஒரு தட்டால் மூடிச் சுழற்றி, திறந்தவுடன் மோந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் இளஞ்சூடாக்கினால் மெல்லிய மணமும் தெரியும்.

இரண்டிலும் ஒரே மணம், ஒரே நிறம் என்றால் பிழை தண்ணீரில். கானைக் குறை சொல்லிப் பயனில்லை. கண்ணாடிப் போத்தல் சரி, கான் மட்டும் சரியில்லை என்றால் பிழை கானில். இரண்டும் பார்வைக்கு நல்லாயிருந்தும் வீட்டில் வயிற்றோட்டம் அடிக்கடி வருகிறதென்றால், தண்ணீர் வாய்க்கு வரும் வழியைப் பார்க்க வேண்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எண்ணெய் மணமோ மருந்து மணமோ சந்தேகப்பட்டால் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. மூக்கு போதும்.

மண்ணெண்ணெய், டீசல், பூச்சிமருந்து மணம்

இதற்குத் திருத்தம் கிடையாது. கானை விட்டுவிட வேண்டும்.

எங்கள் மாவட்டங்களில் கான் இரண்டு வழியில் கைமாறுகிறது. கடற்றொழில் செய்யும் ஊர்களில் எஞ்சினுக்கு எண்ணெய் கொண்டுபோன கான். வயல் ஊர்களில் களைநாசினியோ பூச்சிமருந்தோ வந்த கான். தடித்த பிளாஸ்டிக், நல்ல மூடி, உறுதியான பிடி. எறிய யாருக்கும் மனம் வராது. கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒரு கானைக் கண்டு கேட்டபோது அந்த அம்மா சொன்னார்: "ஏன் புள்ள, மூணு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவித்தானே வெச்சிருக்கன்." அவர் சொன்னது உண்மைதான். காலையில் மூடியைத் திறந்து மோந்தால் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டு இறுக்க மூடி, முற்றத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்துத் திறந்ததும் மண்ணெண்ணெய் குப்பென்று அடித்தது. அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

கழுவியும் போகாததற்குக் காரணம் இதுதான். இந்தக் கான்கள் பெரும்பாலும் பொலிஎதிலீன் வகை. எண்ணெய் வகைகள் அந்தப் பிளாஸ்டிக்கின் மேலே ஒட்டி நிற்பதோடு விடாமல் அதன் தடிப்புக்குள்ளேயே ஊறிப்போகும். சவர்க்காரம் மேற்பரப்பைத்தான் கழுவும். உள்ளே ஊறியது சூடேறும்போது மெல்ல மெல்லத் தண்ணீருக்குள் திரும்பி வரும். அப்பச்சோடா, தேசிக்காய், கரி, புளி எதுவும் இதைத் தீர்க்காது.

பூச்சிமருந்துக் கானில் வெயில் சோதனையையும் நம்பக் கூடாது, ஏனென்றால் மணமே இல்லாத மருந்துகள் இருக்கின்றன. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத கான் குடிதண்ணீருக்கு வேண்டாம், அவ்வளவுதான். மருந்துக் கானை வயலிலேயே மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்து அடிக்கும் தாங்கிக்குள்ளேயே ஊற்றி அடித்துவிட்டு, கானின் அடியில் துளை போட்டுவிடுங்கள். துளையில்லாத கான் எப்படியாவது இன்னொரு வீட்டுக் குசினிக்குப் போய்ச் சேரும்.

அடியில் இருக்கும் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருக்கிறதே, அது நல்லதுதானே என்று கேட்பார்கள். அந்த எண் பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டும் சொல்கிறது. 1 என்றால் பெட், 2 என்றால் அடர்த்தி கூடிய பொலிஎதிலீன், 5 என்றால் பொலிபுரொப்பிலீன். தண்ணீருக்கு இந்த மூன்றும் பரவாயில்லை. ஆனால் அதே 2ஆம் இனத்தில்தான் களைநாசினிக் கானும் செய்கிறார்கள். உணவுக்கு ஏற்றது என்பதற்கான அடையாளம் வேறு: கிளாஸும் முள்ளுக்கரண்டியும் சேர்ந்த சின்னம். புதுக் கான் வாங்கும்போது அதைத் தேடுங்கள்.

புதுப் பிளாஸ்டிக் மணம்

புதுக் கானில் இரண்டு மூன்று நாள் மணம் இருப்பது வழமை. திரவச் சவர்க்காரத்தால் கழுவி, ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீரை இரவு முழுவதும் உள்ளே வைத்து, மறுநாள் ஊற்றிவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீர் நிரப்பி ஒவ்வொரு நாளும் மாற்றுங்கள். அந்தத் தண்ணீர் மரக்கறிச் செடிக்குப் போகட்டும். ஒரு கிழமையாகியும் மணம் குறையவில்லையென்றால் அது உணவுக்கென்று செய்த கான் இல்லை. அதை அரிசி உலை வைக்கும் தண்ணீருக்கும் பாவிக்க வேண்டாம், தோட்டத்துக்கு மாற்றுங்கள்.

குளோரின் மணமும் ஆஸ்பத்திரி மணமும்

பைப் தண்ணீரில் மெல்லிய குளோரின் மணம் வந்தால் பலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த மணம் வந்தால் நிம்மதி. பைப்பில் வரும் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. உங்கள் கானுக்குள் ஒரு கிருமி விழுந்தால் அதைக் கொல்ல அங்கே இருப்பது அது ஒன்றுதான். குடிக்கப் பிடிக்கவில்லையென்றால், குடிக்கப்போகும் தண்ணீரை மட்டும் ஜக்கில் எடுத்து மூடியைச் சரித்து அரை மணித்தியாலம் வையுங்கள். கான் முழுவதையும் திறந்து போட்டு மணம் போக்கினால் காவலையும் சேர்த்து அனுப்பிவிடுகிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் கிருமிநாசினி போட்டுத் துடைத்த தரை மணம், அல்லது மருந்துப் பெட்டி மணம் வந்தால் அது வேறு விஷயம். குளோரின், றப்பரிலும் சில பிளாஸ்டிக்கிலும் உள்ள பீனோல் வகைகளோடு சேரும்போது அந்த மணம் வரும். மிகமிகச் சிறிய அளவிலும் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். முதலில் தோட்டத்து ஹோஸைப் பாருங்கள். பல வீடுகளில் பூங்கன்றுக்குத் தண்ணீர் விடும் ஹோஸால்தான் பரலையும் நிரப்புகிறார்கள். வெயிலில் கிடந்த ஹோஸுக்குள் நின்ற சூட்டுத் தண்ணீர் முதலில் பரலுக்குள் போகிறது. அடுத்ததாக மூடியின் உள்ளே இருக்கும் றப்பர் வளையத்தைப் பாருங்கள். குடிதண்ணீருக்குத் தனியாக ஒரு குழாய்த் துண்டு வைத்து, அதைச் சுருட்டி நிழலில் தொங்கவிட்டு, முதல் ஒரு வாளித் தண்ணீரை வெளியில் விட்டுவிட்டு நிரப்பினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மண் மணம், கூழ்முட்டை மணம்

மழை விழுந்த மண் மணம் இரண்டு போத்தலிலும் வந்தால் குளத்தில் பாசி கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வரட்சியில் குளம் வற்றும்போது நீலப்பச்சைப் பாசிகளும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை விடும். மூக்கு அதற்கு மிகக் கூர்மை. அந்த மணம் தானாகத் தீங்கு செய்யாது. கானில் மட்டும் வந்தால் கானுக்குள் அழுக்குப் படிந்திருக்கிறது. அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கூழ்முட்டை மணம் கிணற்றிலிருந்தோ குழாய்க் கிணற்றிலிருந்தோ வரும். பாத்திரத்துக்குப் பாத்திரம் காற்றோட்டமாக ஊற்றினால் குறையும். பல நாள் பாவிக்காமல் மூடிவைத்த கானிலும் இதே மணம் வரலாம்.

உப்புச்சுவைக்கும் கானுக்கும் சம்பந்தமில்லை. கொதிக்க வைத்தால் உப்பு கூடுமே தவிரக் குறையாது.

உட்சுவர் வழுக்குகிறது, பச்சை பிடிக்கிறது

கையைச் சவர்க்காரத்தால் கழுவிவிட்டுப் பரலின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் கரகரவென்று சுத்தமாகத் தெரிய வேண்டும். வழுக்கினால் அது கிருமிகள் ஒன்றுசேர்ந்து கட்டிய படலம். தங்களைச் சுற்றி ஒரு பசையைப் பூசிக்கொண்டு அவை உள்ளே இருக்கும். மேலே குளோரின் தண்ணீரை ஊற்றினால் பசையின் மேற்பக்கத்தில்தான் படும். அதனால்தான் தேய்க்காமல் மருந்து போடுவதில் பயனில்லை என்கிறேன்.

படலம் அதிகம் சேரும் இடம் பரலின் குழாய். அதைத் திருகிக் கழற்றி, வெள்ளைத் துணியின் நுனியை ஒரு ஈர்க்கில் சுற்றி உள்ளே விட்டு ஒருமுறை திருப்பி எடுத்துப் பாருங்கள். வெளியில் பளபளவென்று இருக்கும் பரலிலும் துணி கபில நிறத்தில் சளிபோல எதையாவது இழுத்துக்கொண்டு வரும். வீட்டில் எல்லோரும் குடிக்கும் ஒவ்வொரு கிளாஸும் அந்த வழியால்தான் வருகிறது. கான் மூடியின் புரிகளும் அப்படித்தான்.

கழுவும் முறை இது. உள்ளே இருப்பதை முழுவதும் கொட்டுங்கள். அகன்ற வாய் என்றால் துணியாலோ மெல்லிய தூரிகையாலோ சவர்க்காரம் போட்டுத் தேய்க்கலாம். ஒடுங்கிய வாய்க் கானுக்குள் மணலைப் போட்டுக் குலுக்குவது எங்கள் ஊர்களில் காலங்காலமாக நடக்கிறது. செப்புக் குடத்துக்கு அது பொருந்தும், பிளாஸ்டிக்குக்குப் பொருந்தாது. மணல் பிளாஸ்டிக்கைக் கீறும்; அடுத்த படலம் அந்தக் கீறலுக்குள்தான் குடியேறும். மணலுக்குப் பதில் இரண்டு கைப்பிடி பச்சையரிசியும் கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரும் போட்டு, மூடி, எல்லாப் பக்கமும் படும்படி நன்றாகக் குலுக்குங்கள். இரும்புக் கம்பித் தும்பு எந்தப் பிளாஸ்டிக்குக்கும் வேண்டாம்.

அலசிய பிறகு குளோரின். கடையில் வாங்கும் மணம் சேர்க்காத 5 சதவீத பிளீச் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி. சுகாதாரப் பகுதியினர் கொடுக்கும் குளோரின் தூள், அதாவது டி.சி.எல், என்றால் அதில் மூன்றில் ஒரு பங்களவுதான் குளோரின். 30 கிராம் தூளை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துத் தெளிய விட்டால் மேலே நிற்பது ஏறத்தாழ 1 சதவீதக் கரைசல். அதில் 25 மில்லிலீற்றரை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்தால் கழுவும் தண்ணீர் தயார். கானுக்குள் ஊற்றி, எல்லாச் சுவரிலும் படும்படி உருட்டி, குழாயாலும் கொஞ்சம் ஓடவிட்டு, அரை மணித்தியாலம் வைத்துப் பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். கவிழ்த்துக் காய விடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை: தேசிக்காயோ வினாகிரியோ மலசலகூடம் கழுவும் திரவமோ பட்ட கானில், அலசாமல் பிளீச்சை ஊற்றக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குசினிக்குள் அது நெஞ்சை அடைக்கும்.

பச்சை நிறம் என்றால் பாசி. பாசிக்கு வெளிச்சம் வேண்டும். அதனால்தான் கூரைத் தாங்கியைக் கறுப்பாகச் செய்கிறார்கள்; அதில் கலந்த கரி வெளிச்சத்தை உள்ளே விடாது, பிளாஸ்டிக்கையும் வெயிலிலிருந்து காக்கும். வெள்ளைக் கானை ஜன்னலோரத்தில் வைத்தால் எத்தனை முறை கழுவினாலும் பச்சை திரும்பி வரும். இடத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் கறுத்தத் துணியால் சுற்றுங்கள். கழுவும் தவணை என்று கேட்டால், குடிதண்ணீர்க் கானைக் கிழமைக்கு ஒருமுறை, கூரைத் தாங்கியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று நான் வைத்திருக்கிறேன்.

அடியில் மண்டி, தண்ணீரில் நிறம்

நிரப்பும்போது தெளிவு, சில மணித்தியாலத்தில் மஞ்சள், மறுநாள் அடியில் செங்கல் நிறத்தில் மண்டி: இது இரும்பு. குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிப் படியும். சந்தேகமென்றால் அந்தத் தண்ணீரில் ஒரு வெறும் தேத்தண்ணி போட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீரில் செம்பொன் நிறத்தில் நிற்கும் சாயம், இரும்புத் தண்ணீரில் மை கலந்ததுபோலக் கறுத்துவிடும். மேலே எண்ணெய்போல ஒரு ஆடையும் மிதக்கலாம். பொதுவாக ஒரு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமுக்கு மேல் போனால்தான் கறை தெரியத் தொடங்கும். இந்த அளவு இரும்பு நோய் தருவதில்லை. ஆனால் அந்த மண்டி கிருமிக்கு மெத்தை, குளோரினையும் தின்றுவிடும். ஒரு பாத்திரத்தில் இரவு முழுவதும் தெளிய விட்டு, மேல் தண்ணீரைத் துணியால் வடித்து, பிறகு கானில் ஊற்றிக் குளோரின் போடுங்கள்.

வெள்ளைச் செதில்கள் மிதந்தால் ஒரு துளி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். கரைந்தால் அது சுண்ணாம்பு, கவலையில்லை. கரையாமல் ஓரம் கூர்மையாக இருந்தால் கான்தான் உரிகிறது. பைப் தண்ணீர் பால்போல வந்து, கிளாஸின் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி.

தண்ணீரில் புழு நெளிகிறது

நுளம்புக் குடம்பி. அதுவும் வீட்டுக்குள் சேர்த்த நல்ல தண்ணீர் என்றால் பெரும்பாலும் டெங்கு பரப்பும் ஈடிஸ். துணியால் வடித்துக் குடிப்பது தீர்வாகாது. தண்ணீரைக் காய்ந்த தரையில் கொட்டுங்கள். வடிகானுக்குள் கொட்டினால் அங்கே தொடர்ந்து வளரும். அதைவிட முக்கியம், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டைகள் ஒட்டியிருக்கும். காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே அந்த வளையத்தைத் தேய்த்துக் கழுவாமல் மறுபடி நிரப்பினால் ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கும் நுளம்பு. மூடி தொலைந்த பரலுக்கு நெருக்கமான துணியை இறுக்கிக் கட்டுங்கள். மேல் தாங்கியின் நிரம்பி வழியும் குழாய்க்கும் வலை வேண்டும். மூடியைப் பூட்டிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

பிளாஸ்டிக்கே மாறுகிறது

வெளிப்புறத்தைத் தடவினால் விரலில் சுண்ணாம்புபோல ஒட்டுகிறது, அழுத்தினால் நொறுங்குகிறது, உள்ளே நரம்புநரம்பாக வெடிப்பு: வெயில் அந்தக் கானைத் தின்றுவிட்டது. குடிதண்ணீரிலிருந்து விலக்குங்கள்.

கொதித்த தண்ணீரை ஊற்றியதும் போத்தல் சுருங்கினால், அது பெட் போத்தல். ஏறத்தாழ 70 பாகை செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும். எந்தப் பிளாஸ்டிக்கிலும் கொதிநீர் ஊற்ற வேண்டாம். 2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், பொலிபுரொப்பிலீன் பால்போத்தல்களில் 70 பாகைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது ஒரு லீற்றருக்கு 1.6 கோடி வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் வந்ததைக் கண்டார்கள். குழந்தைக்குப் பால் கரைக்கும்போது எவர்சில்வர் பாத்திரத்திலோ கண்ணாடியிலோ கரைத்து, ஆறியதும் போத்தலில் ஊற்றினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இந்தத் துகள்கள் உடலுக்கு என்ன செய்கின்றன என்று ஆராய்ச்சி இன்னும் முடிவு சொல்லவில்லை. ஆனால் தவிர்ப்பதற்குச் செலவே இல்லாதபோது தவிர்ப்பதுதான் சரி.

வெயிலில் கிடந்த போத்தல் பற்றிய பயத்தில் பாதி உண்மை, பாதி மிகை. பெட் செய்யும்போது சேர்க்கும் அன்டிமனி என்ற உலோகம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் வரும். அளவு கூடுவது 60 பாகைபோன்ற சூட்டில் பல கிழமை கிடந்தால்தான். முச்சக்கர வண்டியில் மாதக்கணக்கில் உருண்ட போத்தலை விடுங்கள். ஒரு நாள் வெயில் பட்டதற்காக நல்ல தண்ணீரைக் கொட்ட வேண்டாம். உண்மையில், தெளிந்த தண்ணீரைக் கறையில்லாத பெட் போத்தலில், இரண்டு லீற்றருக்கு மேற்படாமல் நிரப்பி, ஆறு மணித்தியாலம் நல்ல வெயிலில் படுக்க வைத்துக் கிருமி நீக்குவது உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட முறை. வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும். விறகும் காசும் இல்லாத நாளில் அது உதவும்.

தண்ணீர் இயந்திரத்தில் கவிழ்த்து வைக்கும் ஏறத்தாழ 19 லீற்றர் கடினமான நீலப் போத்தல்கள் பல, பொலிகார்பனேட். முக்கோணத்தில் 7 என்று இருக்கும். இதிலிருந்து பிஸ்பீனோல் ஏ என்ற இரசாயனம் இறங்கும். சூடும் காரமான சோப்பும் அதைக் கூட்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் ஒரு நாளைக்கு உடலுக்குள் போகலாம் என்ற அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது. 2024 டிசம்பரில் உணவுப் பாத்திரங்களில் அதைத் தடை செய்ய ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. அப்படியொரு போத்தல் கலங்கி, கீறல் விழுந்து வந்தால் வாங்காமல் திருப்பிக் கொடுங்கள். கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் அதை நான் வைக்க மாட்டேன்.

தண்ணீர் பளிங்கு, வயிறு மட்டும் சரியில்லை

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி தரும் கிருமிகளுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தண்ணீர் கிணற்றடியில் சுத்தமாக இருந்து வீட்டுக்குள் வந்தபின் கெட்டுப்போவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்த தண்ணீருக்கும் இது பொருந்தும். கொதி ஒரு நிமிடம் தளதளவென்று வந்தால் கிருமி சாகும். ஆறிய பிறகு விரல் பட்டால் புதுக் கிருமி வரும். குளோரினாவது கொஞ்ச நேரம் காவல் நிற்கும், கொதித்த தண்ணீருக்குக் காவலே இல்லை.

ஆகவே ஒரு நாள் காலையிலிருந்து இரவு வரை கானருகே என்ன நடக்கிறது என்று சும்மா கவனியுங்கள். யார் அள்ளுகிறார்கள்? மீன் வெட்டிய கையா, பிள்ளையைக் கழுவிய கையா? அள்ளிய கோப்பை எங்கே வைக்கப்படுகிறது? மூடி தரையில் மல்லாந்து கிடக்கிறதா, குப்புறக் கிடக்கிறதா? பிள்ளைகள் குழாயில் வாய் வைத்துக் குடிக்கிறார்களா? பெரும்பாலும் மத்தியானத்துக்குள்ளேயே காரணம் கண்ணில் பட்டுவிடும்.

திருத்தம் எளிது. கை நுழையாத ஒடுங்கிய வாய், இறுகும் மூடி, அடியில் குழாய்: இந்த மூன்றும் உள்ள கானைக் குடிதண்ணீருக்கென்று ஒதுக்கி, ஒரு முக்காலியில் ஏற்றி வையுங்கள். அகன்ற பரல்தான் இருக்கிறதென்றால் நீண்ட பிடியுள்ள அகப்பை ஒன்று, அதுவும் பக்கத்துச் சுவர் ஆணியில் தொங்க வேண்டும், தண்ணீருக்குள் கிடக்கக் கூடாது. தெளிந்த தண்ணீர் 20 லீற்றருக்கு, மேலே சொன்ன 1 சதவீதக் கரைசலில் ஒரு தேக்கரண்டி விட்டுக் கலக்கி அரை மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கலங்கிய தண்ணீர் என்றால் முதலில் தெளிய வைத்து வடித்து, இரண்டு தேக்கரண்டி. ஒரு நாளைக்குள் முடியும் அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். அதற்குப் பிறகு குளோரினை நம்ப முடியாது. மிச்சத்தில் புதுத் தண்ணீரை ஊற்றாமல், கொட்டி அலசி நிரப்புங்கள்.

வயிற்றோட்டம் தொடங்கிவிட்டால் ஜீவனி என்ற உப்பு-சீனித் தூளைக் கரைக்கும் தண்ணீரும் இதே கானிலிருந்துதான் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். அதைக் கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும். குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, சிறுநீர் போவது குறைந்தால் கானை ஆராய்வதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெள்ளம் வந்து போன பிறகு

2011 ஜனவரி வெள்ளத்தையும் 2024 நவம்பர் வெள்ளத்தையும் கண்டவர்களுக்குத் தெரியும்: மாரியில் மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீராகிவிடும். வெள்ளத்தில் மிதந்த கானைத் தேய்த்துக் கழுவி மேலே சொன்ன குளோரின் முறையைச் செய்தால் மீட்கலாம். எண்ணெய் மணம் ஏறியிருந்தால் மீட்க வேண்டாம். மூடியின் றப்பர் வளையத்தை எப்படியும் மாற்றுங்கள். முத்திரை உடையாத தண்ணீர்ப் போத்தலையும், திறப்பதற்கு முன் வெளிப்புறத்தைப் பிளீச் தண்ணீரால் துடையுங்கள், ஏனென்றால் வெள்ளத்தில் கிடந்த அந்தக் கழுத்தில்தான் வாய் வைப்பீர்கள். பவுசரிலிருந்து நிரப்பும்போது ஹோஸின் நுனி சேற்றில் இழுபட்டு வருவதைக் கண்டால் ஒரு வாளித் தண்ணீரால் அதைக் கழுவச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவும் செய்தும் சந்தேகம் தீராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் தண்ணீர்ப் பரிசோதனை கேளுங்கள். மாதிரியைச் சோடாப் போத்தலில் கொண்டுபோனால் பயனில்லை, கிருமி நீக்கிய போத்தல் வேண்டும். அந்தப் போத்தலுக்குள் சிறு துளியாகவோ தூளாகவோ ஏதாவது தெரிந்தால் அழுக்கென்று அலசிவிடாதீர்கள். அது குளோரினைச் செயலிழக்க வைக்கப் போட்ட தயோசல்பேற்று. அலசினால் வழி நெடுகக் குளோரின் வேலை செய்து, உங்கள் தண்ணீரை உண்மையைவிட நல்லதாகக் காட்டிவிடும். மாதிரி இரண்டு எடுக்க வேண்டும்: ஒன்று பைப்பிலோ கிணற்றிலோ இருந்து, மற்றது நீங்கள் குடிக்கும் கானின் குழாயிலிருந்து. காலையில் எடுத்து, மூடியின் உட்புறம் விரல் படாமல் மூடி, எது எங்கே எடுத்தது என்று எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஒப்படைத்துவிடுங்கள்.